இடுப்புக்கு அடியில் ஒரு பிடி மண்

குழைத்த மண்ணுக்குள் முதலில் இறங்குவது இடது கால்தான். வலது காலைக் கரையிலேயே நிறுத்தி, "நீ இரு, ஒனக்கு இன்னா அவசரம்?" என்று அதனிடம் சொல்லிவிட்டு, இடது காலால் நாலு மிதி மிதித்து மண்ணின் குணம் பார்த்த பிறகுதான் வலது காலுக்கு உத்தரவு கிடைக்கும். பருத்திப்பட்டு ஏரிக்கரைச் செங்கல் சூளையில் இருபது வருஷமாக வேம்புலியம்மாள் இப்படித்தான் மண் மிதிக்கிறாள். கூட மிதிக்கிற பெண்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அவர்களுடையது வெறும் கால். இவளுடைய வலது கால் ஊர்ப் பொதுச் சொத்து.

விஷயம் இதுதான். நாமெல்லாம் தலை முந்திப் பிறந்தவர்கள். அவள் கால் முந்திப் பிறந்தவள். காலால் பிறந்தவர்கள் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுப்போகும் என்பது நம் பக்கத்தில் யாருக்கும் சொல்லித் தர வேண்டாத சங்கதி. நடை பழகுகிற வயதிலேயே அவளைத் தூக்கிக்கொண்டுபோய் யார் யார் முதுகிலோ நிறுத்தியிருக்கிறார்கள். இப்போது வயது நாற்பத்திரண்டு. இன்றைக்கும் காட்டுப்பாக்கத்திலிருந்தும் மண்ணூர்பேட்டையிலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வருகிறார்கள், முனகிக்கொண்டே. சூளையோரப் புங்க மரத்தடியில் கிழக்கே தலை வைத்துக் குப்புறப் படுக்க வேண்டும். அவள் தாழ்ந்த கிளையைப் பிடித்துக்கொண்டு வலது பாதத்தால் மூன்று தரம் அழுத்துவாள். மூன்றாவது அழுத்தலில் உள்ளே 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்கும். ஆள் எழுந்து நிற்பான். அவ்வளவுதான். கூலியாக ஒரு வெற்றிலைகூட வாங்கமாட்டாள். வாங்கினால் காலின் ராசி போய்விடுமாம்.

முகம் அவளுக்கு நினைவில் நிற்பதில்லை. பூந்தமல்லிச் சந்தையில் யாராவது, "இன்னாக்கா, என்னத் தெரீலயா?" என்று பல்லைக் காட்டினால் திருதிருவென்று விழிப்பாள். "திரும்பு பாக்கலாம்" என்பாள். அவன் திரும்பி முதுகைக் காட்டியதும், "அட, வேலப்பஞ்சாவடி முதுவு! வண்டி ஓட்டுற ஆளு. எடப்பக்கம் கூன் கீது. சௌக்கியமா?" என்று உருகிப்போவாள். நடுச்சந்தையில் இப்படி முதுகைத் திருப்பி நின்று நலம் விசாரிக்கப்பட்டவர்கள் நம் வட்டாரத்தில் நிறையப் பேர்.

கர்வம் உண்டா என்று கேட்பீர்கள். இல்லாமல் என்ன? மூட்டை மூட்டையாக உண்டு. "டாக்டரு தொரைக்குக் கூட ரெண்டு தரம் பாக்கணும். என்கிட்ட ஒரே தரம்" என்று சொல்வாள். அது பொய்யும் இல்லை. ஒரே பிடிப்புக்கு இரண்டாம் தரம் வந்த முதுகு என்று அவள் ஆயுசில் ஒன்றும் இல்லை, போன வருஷம் மணவாளன் வருகிற வரைக்கும்.

போன வருஷம் என்றால் யுத்தத்துக்காக ஆவடியில் பட்டாளம் வந்து இறங்கிய வருஷம். கிடங்கு கட்டுகிறார்கள், கொட்டகை போடுகிறார்கள், எவ்வளவு செங்கல் அறுத்தாலும் போதவில்லை. பட்டாளத்துக்காரர்கள் காலையில் மைதானத்தில் மல்லாந்து படுத்து எழுந்து, படுத்து எழுந்து என்னவோ தேகாப்பியாசம் செய்வார்கள். ஏரிக்கரை மேல் ஏறி நின்றால் அது தெரியும். பூந்தமல்லி சாலையோர மாந்தோப்பில் கசரத்துக் கொட்டகை நடத்துகிற உஸ்தாத் ஷவுகத் அலியின் ஆட்கள் அதைப் பார்த்துவிட்டார்கள். தண்டாலும் பஸ்கியும் எடுத்து, கர்லாக்கட்டை சுற்றி அலுத்துப் போயிருந்தவர்களுக்குப் புது விளையாட்டுச் சாமான் கிடைத்த மாதிரி ஆயிற்று. "வயித்துப் பஸ்கி" என்று அதற்குப் பேரும் வைத்தாயிற்று.

ஆனால் ஒன்று. கரைக்கும் மைதானத்துக்கும் நடுவே ஆள் முழங்கால் உயரத்துக்குக் கோரைப்புல். படுத்து எழுகிறவனின் தலையும் மார்பும் மேலே வந்துபோவதுதான் தெரியுமே தவிர, கீழே காலை அவன் என்ன செய்கிறான் என்பது ஆண்டவனுக்குத்தான் தெரியும். தெரியாததைத் தெரியாது என்று விட்டுவிட நம் ஆட்கள் என்ன சாமானியர்களா? கால் வேலையை இவர்களே இட்டுக்கட்டிக்கொண்டார்கள். கட்டை மாதிரி நேராக நீட்டி, கணுக்காலைக் கல் உருளைக்கு அடியில் செருகி, இரண்டு கையாலும் பிடரியைப் பிடித்து இழுத்து, வெடுக்கென்று எழுந்து நெற்றியால் முழங்காலைத் தொடுவது. ஒரு நாளைக்கு நூறு. நூறு முடித்தவனை உஸ்தாத் தோளில் தட்டி, "சபாஷ்!" என்பார்.

இரண்டு மாதத்தில், இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களால் தோப்பிலிருந்து புங்க மரத்துக்கு ஒரு பாதையே விழுந்துவிட்டது. வேம்புலியம்மாளுக்கு முதலில் சந்தோஷம்தான். திருவிழாக் கூட்டம் மாதிரி வருகிறார்களே! அவளோடு மண் மிதிக்கிற கெங்கம்மாள், "ஒன் காலுக்கு யோகம் அடிக்குது வேம்புலி" என்றபோது, "காலுன்னா சும்மாவா?" என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

மணவாளன் அதில் எட்டாவதோ ஒன்பதாவதோ. முப்பது வயசு ஆள், இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தகப்பன். ஆவடிக் கிடங்குக்குத் தீயணைக்கும் ஆள் எடுக்கப் போகிறார்கள், மணல் மூட்டையைத் தோளில் போட்டு ஏணி ஏறிக் காட்ட வேண்டும் என்று கேள்விப்பட்டு, உடம்பைத் தேற்றிக்கொண்டிருந்தான். மிதித்தாள். 'டொக்' என்றது. சிரித்துக்கொண்டு போனான்.

எட்டாம் நாள் திரும்பி வந்தான். வேம்புலியம்மாளுக்கு முகம் தெரியவில்லை. குப்புறப் படுத்ததும் முதுகு தெரிந்தது. அதே முதுகு, அதே இடம். மறுபடி மிதித்து அனுப்பினாள். பத்து நாள் கழித்து அவனை இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து போட்டார்கள். அன்றைக்குச் சூளையில் வேலை செய்த அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று தரம் அழுத்தினாள். சத்தம் வரவில்லை. நாலாவது தரமும் அழுத்தினாள். அவன் "அம்மா!" என்று அலறினான்.

"ஒன் காலு செத்துப்போச்சிக்கா" என்றான், மண்ணில் கன்னத்தை வைத்தபடியே. வலியில் சொன்னதுதான். ஆனாலும் சொல்லிவிட்டான். அவன் அழுதுகொண்டே மேலும் சொன்னான்: "அடுத்த மாசம் செலக்சன். ஒன்ன நம்பி மோசம் போய்ட்டேனே!"

எலும்பில்லாத நாக்கு எத்தனை தூரம் ஓடும் என்று சொல்ல வேண்டுமா? சாயங்காலத்துக்குள் திருவேற்காடு வரை போய்விட்டது. வேம்புலி கால் செத்துப்போச்சு. மறுநாள் அம்பத்தூரிலிருந்து வந்த ஒரு வண்டி சூளை வரைக்கும் வராமல் பாதி வழியிலேயே திரும்பிப் போயிற்று. உஸ்தாத் ஷவுகத் அலி தோப்பில் எல்லாருக்கும் கேட்கும்படி, "மூட நம்பிக்க! கசரத்து செய்றவன் ஒரு பொம்பள காலுக்குக் கீழப் போய்ப் படுக்கலாமா?" என்றாராம். அது இவள் காதுக்கும் வந்தது.

அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. புருஷன் தசரதன் நல்ல மனுஷன். செங்கல் அறுக்கிறவன், அதிகம் பேசமாட்டான். "வெளக்கெண்ண தடவிப் பாக்கறதுதான?" என்றான், அவள் காலைப் பார்த்து.

"காலுக்கு இன்னா கேடு? அந்த முதுவுலதான் என்னமோ கீது" என்று சீறினாள். "மூணு தரமும் ஒரே எடம். ஒரு விரக்கடை மேல இல்ல, கீழ இல்ல. விழுந்து புடிச்சிகினா எடம் மாறும். பாரம் தூக்கிப் புடிச்சிகினா பக்கம் மாறும். இது எவனோ தெனமும் அங்கியே குத்துற மாதிரி கீது."

தசரதன் யோசித்து, "அச்சுல மண்ணு சரியா அடிக்காம அடியில பொள்ளல் உட்டா, காயும்போது கல்லு அங்கியேதான் ஒடையும்" என்றான். தொழில்காரன் பேச்சு. அவன் பாட்டுக்குச் சொல்லிவிட்டுக் கையைக் கழுவப் போனான். அவள் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தபடியே இருந்தாள்.

மறுநாள் காலை மண் மிதித்து முடித்த கையோடு, ஒரு பிடி மண்ணை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு நேரே மாந்தோப்புக்குப் போனாள். கசரத்துக் கொட்டகைக்குள் பெண்பிள்ளை கால் வைத்ததில்லை. லங்கோட்டோடு நின்றவர்கள் துண்டைத் தேடிக்கொண்டு சிதறினார்கள். "ஓடாதீங்கடா, ஒங்க முதுவெல்லாம் நான் பாத்ததுதான்" என்றாள்.

உஸ்தாத் வெளுத்த தாடியை நீவிக்கொண்டு முன்னால் வந்தார். "இன்னாம்மா இது? இது ஆம்பளைங்க எடம்."

"பாய், மருவாத கொறச்சலா நெனச்சிக்காதீங்க. ரெண்டு மாசத்துல பன்னெண்டு முதுவு என் காலுக்கு வந்துச்சி. பன்னெண்டும் ஒங்க தோப்புலேர்ந்து. இங்க இன்னா பண்றாங்கன்னு ஒரே தரம் பாத்துட்டுப் போய்டறேன்."

அவர் பதில் சொல்வதற்குள் ஒருவன் உருளைக்குக் கீழே காலைச் செருகி எழுந்து காட்டிவிட்டான். பெருமைதான், வேறென்ன! வேம்புலியம்மாள் பக்கவாட்டில் குந்தி, தரையோடு தரையாகக் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். அவன் இடுப்புக்கும் தரைக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. ஒரு பெருச்சாளி நுழைந்து போகலாம்.

மணவாளன் மரத்தில் சாய்ந்து முகம் சுளித்து நின்றிருந்தான். இரண்டு நாள் ஓய்வில் வலி சற்றுக் குறைந்திருந்தது. அவனைப் பார்த்து, "நீ வா. ஒன்னும் பண்ணாத, சும்மா படு" என்று மல்லாக்கப் படுக்கவைத்தாள். காலை நீட்டச் சொன்னாள். மண்ணை எலுமிச்சம்பழம் அளவுக்கு உருட்டி, துணியில் வைத்து அவன் இடுப்புக்கு அடியில் தள்ளினாள். "எந்திரிக்க வேணாம். தலைய மட்டும் இத்தினி தூக்கு. இப்ப எறக்கு." துணியை வெளியே இழுத்தாள். மண் வைத்தபடியே இருந்தது. உருட்டிய விரலின் ரேகைகூட அழியவில்லை.

"பாத்தீங்களா? பொள்ளல்!" என்று உருண்டையைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினாள். "இடுப்பு அந்தரத்துல தொங்குது. தொங்குற எடத்த வெடுக்கு வெடுக்குனு நூறு தரம் இஸ்தா அது இன்னா ஆவும்? வயித்துக்குன்னு சொல்லிகினு இடுப்ப ஒடச்சிகினு கீறீங்க!"

பிறகு மணவாளனின் முழங்கால்களை மடக்கவைத்தாள். பாதம் தரையில் பதிய, குதிகால் பிட்டத்துக்குப் பக்கத்தில். உருளையைக் காலாலேயே அந்தப் பக்கம் உருட்டி விட்டாள். பிடரியிலிருந்து கையைப் பிரித்து மார்பில் கட்டிக்கொள்ளச் சொன்னாள். மண் மறுபடியும் இடுப்புக்கு அடியில் போயிற்று. "மூச்ச உட்டுகினே வயித்த உள்ள எக்கு. மொதல்ல மண்ண அமுக்கு. அமுக்கிகினே தோளு மட்டும் எழும்பட்டும். போதும், அதுக்கு மேல எழும்பாத. மெதுவா எறங்கு, தொப்புனு உழாத. எறங்குறப்பவும் மண்ண உடாத."

நூறு செய்கிற மணவாளன் பன்னிரண்டாவதில் வெடவெடவென்று நடுங்கினான். "அய்யோ அக்கா, வயிறு எரியுது!"

"எரியணும்! வயித்துக்குத்தான கசரத்து? முதுவு நோவுதா?"

அவன் நம்பிக்கையில்லாமல் கையைப் பின்னால் விட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். "இல்லக்கா" என்றான். துணியை இழுத்தால் மண் அடை மாதிரி தட்டையாகி, அவன் அரைஞாண் கயிற்றின் முறுக்குகூட அதில் பதிந்திருந்தது.

உஸ்தாத்துக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "நாப்பது வருசமா கசரத்து சொல்லிக் குடுக்கறேன். இத்தினூண்டு எழும்புறதுக்குப் பேரு கசரத்தா? தொட்டில்ல கீற புள்ளகூட இதுக்கு மேல எழும்பும்!"

வேம்புலியம்மாள் எழுந்து சேலையில் கையைத் துடைத்துக்கொண்டாள். வாயிலிருந்து வந்தது இதுதான்: "செலக்சன் வரிக்கும் இவன் இப்டியே செய்யட்டும். நோவு இருக்கற அன்னிக்கு ஒன்னும் செய்யாம சும்மா இருக்கட்டும். அதுக்கு மேலயும் இவனுக்கு இடுப்பு புடிச்சா, நான் இனிமே எவன் முதுவுலயும் காலு வெக்க மாட்டேன். அம்மன் மேல ஆணை." ஆணையிட்ட பிறகுதான் அவளுக்கே பகீரென்றது.

அடுத்த ஒரு மாதம் சூளையில் அவள் பேசியது கொஞ்சம். பேச வேண்டியதை எல்லாம் கெங்கம்மாளே பேசினாள். "ஒன்ன மாதிரி பைத்தியக்காரிய நான் பாத்ததில்ல. அவன் இடுப்பு புடிச்சா ஒன் காலு போச்சி. புடிக்கலன்னா தோப்பு ஆளுங்க எவனும் இனிமே வர மாட்டான், அப்பவும் ஒன் காலு போச்சி. ஒன் தலையில நீயே மண்ண வாரிப் போட்டுகினியேடி!"

அதில் நியாயம் இல்லாமல் இல்லை. வேம்புலியம்மாளும் அதை யோசித்தவள்தான். "வரவங்க வரட்டும். வராதவன் நல்லா கீறான்னு அர்த்தம்" என்று சொல்லிப் பார்த்தாள். சொன்னது அவள் காதுக்கே கொஞ்சம் புதுசாக இருந்தது.

தேர்வு நாளன்று காலையில் இடது, வலது என்ற முறையெல்லாம் மறந்துபோய் இரண்டு காலோடும் தொபுக்கென்று மண்ணுக்குள் குதித்தாள். கெங்கம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். உச்சி வெயில் சாயும்வரை மிதித்த இடத்தையே மிதித்தாள். தசரதன் வந்து, "போதும், மண்ணு கூழாவுது" என்று சொல்லிக் கையைப் பிடித்து மேலே ஏற்றினான்.

மூன்று மணிக்கு ஏரிக்கரை மேல் ஒருவன் ஓடிவந்தான். முகம் யாரென்று அவளுக்குத் தெரியவில்லை. மற்றவர்கள் கூச்சல் போட்டதில் தெரிந்துகொண்டாள். மணவாளன் ஓடிவந்த வேகத்தில் அவள் எதிரே நின்று, இடுப்பை வளைத்து, மண்ணைத் தொட்டு நிமிர்ந்து, மறுபடி வளைந்து நிமிர்ந்து காட்டினான். "மூணு தரம் ஏணி ஏறனேன்க்கா! மூணாவது தரம் தேவயே இல்ல, நானா ஏறனேன்! வேல கெடச்சிடுச்சி! காலு செத்துப்போச்சின்னு சொன்ன வாய ஒதைக்கணும். எல்லாம் ஒன் காலு ராசிக்கா!"

சூளையே "ராசிதான், ராசிதான்" என்றது. கெங்கம்மாள் ஓடிவந்து அந்தக் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். போன மானம் வட்டியும் முதலுமாகத் திரும்பி வந்துவிட்டது. பேசாமல் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டியதுதானே? வேம்புலியம்மாளுக்கு அது ஒப்பவில்லை.

"காலு இல்லடா" என்றாள். "காலால பொறந்தேன்னா, அது நானா பண்ணது ஒன்னும் இல்ல. எங்கம்மா பட்ட பாடு அது. நாப்பது வருசமா அத்தச் சொல்லிகினு நான் ஆடிகினு இருந்தேன். ஆனா இது," என்று நெற்றிப் பொட்டைத் தொட்டாள், விரல் மண் அங்கே ஒட்டிக்கொண்டது, "இத்த நானே கண்டுபுடிச்சேன். எவனும் சொல்லிக் குடுக்கல." சொல்லிவிட்டுச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது. துடைக்கவில்லை. எல்லாரும் பார்க்கட்டும் என்று நின்றாள். அத்தனை பெருமை அவளுக்கு, நியாயமான பெருமை.

இதெல்லாம் நடந்து பத்து நாள் கழித்து ஒரு காலை. செங்கல் அறுத்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்து பார்த்தார்கள். கரையிறங்கி வந்தது உஸ்தாத் ஷவுகத் அலி. கூட யாரும் இல்லை. கையில் ஒரு கூடை. இடுப்புப் பிடிப்பாக இருக்குமோ என்று கெங்கம்மாள் ஆவலோடு பார்த்தாள். நடை நன்றாகத்தான் இருந்தது.

அவர் வேம்புலியம்மாளைப் பார்க்காமல் மண்ணைப் பார்த்துக்கொண்டு பேசினார். "தோப்புல இருவது பேரு கீறானுங்க. இப்ப எவனும் மண்ணு இல்லாம படுக்க மாட்டேங்கறான். நல்லா மிதிச்ச மண்ணா ஒரு கூட வேணும்."

அவள் குழியில் இறங்கி, அன்றைக்கு மிதித்ததிலேயே நைஸான பக்கமாகப் பார்த்து வழித்து, ஒரு சிறு கல்லும் இல்லாமல் விரலால் துழாவி எடுத்து, கூடையை நிரப்பிக் கரையில் வைத்தாள். ஈர மண் கனம். உஸ்தாத் காலை விறைப்பாக ஊன்றி நின்று, இடுப்பிலிருந்து அப்படியே குனிந்து கூடையின் காதைப் பிடித்தார்.

"முட்டிய மடக்குங்க பாய்" என்றாள்.

அவர் குனிந்தபடியே நின்றார். அச்சில் மண் அடிக்கிற சத்தம் சூளையில் நின்றுபோயிற்று. உஸ்தாத் கூடையை விட்டுவிட்டு நிமிர்ந்தார். நாலு பக்கமும் ஒருதரம் பார்த்தார். பிறகு கைலியைச் சற்று உயர்த்திப் பிடித்துக்கொண்டு, இரண்டு முழங்காலையும் மடக்கி, மெதுவாக, மண் தரையில் குந்தினார்.

வேம்புலியம்மாள் குழியிலிருந்து ஏறிவந்து எதிரே குந்தி, கூடையின் மறு காதைப் பிடித்துக்கொண்டாள்.